குருதி உறையாத பிள்ளைகளும் வாய்ச் சுகாதாரமும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எல்லாருக்கும் பயன்படுகிற மாதிரி சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டார். நீரிழிவு, கொலஸ்ரரோல், மூட்டுவலி பற்றியெல்லாம் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஆகவே அவற்றை விட்டு, சிறிய இடமொன்றைப் பற்றிப் பேசலாமென்று நினைத்தேன். அது பிள்ளைகளின் வாய். அதிலும் குருதி சரியாக உறையாத பிள்ளைகளின் வாய்.

"இது எங்களுக்கு எதற்கு, வைத்தியர்மாரின் விடயமல்லவா?" என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் பிள்ளையின் வாயில் குருதியை முதலிற் காண்பவர் வைத்தியர் அல்லர். பல்துலக்கிய பின் துப்பியதைப் பார்க்கும் தாய் காண்கிறார். தலையணை உறையிற் கறையைப் பார்க்கும் அம்மம்மா காண்கிறார். வகுப்பில் விழுந்து உதட்டை வெடிக்க வைத்துக்கொண்ட பிள்ளையைத் தூக்கும் ஆசிரியை காண்கிறார். இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

முதலிற் குருதி எப்படி உறைகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். குருதிக்கலன் வெட்டுப்பட்டால் அவ்விடத்திற்குக் குருதிச் சிறுதட்டுக்கள் ஓடிவந்து ஒட்டி முதல் அடைப்பை ஏற்படுத்தும். அவை ஒட்டுவதற்குப் பசைபோல உதவுவது வொன் வில்பிராண்ட் காரணி என்னும் புரதம். அதன் பின்னர் உறைதற் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, ஈற்றில் பைபிறின் என்ற நாரினால் வலை பின்னி அந்த அடைப்பை உறுதியாக்கும். பசை குறைந்தாலும், சிறுதட்டு பழுதானாலும், காரணிகளில் ஒன்று இல்லாவிட்டாலும் குருதி நிற்காது.

எட்டாம் காரணி குறைந்தால் அது ஹீமோபீலியா ஏ. ஏறக்குறைய 5000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் இதனோடு பிறக்கிறார். ஒன்பதாம் காரணி குறைந்தால் ஹீமோபீலியா பி. அது அதைவிட அரிது. காரணியின் அளவு வழமையின் 1 வீதத்திற்கும் குறைவாக இருந்தால் நோய் கடுமையானது. 5 வீதத்திற்கு மேல் இருந்தால் அது மென்மையானது. அடிபடாவிட்டால், பல் பிடுங்காவிட்டால், பல ஆண்டுகளுக்கு எவருக்கும் தெரியாமலே இருந்துவிடும். "எங்கட பரம்பரையில் ஒருவருக்கும் இல்லையே" என்று பெற்றோர் சொல்வதுண்டு. ஹீமோபீலியாவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இருப்பதில்லை. மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றமே காரணம்.

எங்கள் சமூகத்திற்கு இன்னுமொரு செய்தியும் உண்டு. மச்சான் மச்சாள் திருமணம் எங்களிடையே புதிதல்ல. தாயும் தந்தையும் ஒரே பழுதான மரபணுவைக் காவும்போது தோன்றும் அரிய குருதிக்கசிவு நோய்கள், சொந்தத்திற்குள் திருமணம் செய்யும் சமூகங்களிற் கூடுதலாகக் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று 1918இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சிறுவர் வைத்தியர் கிளான்ஸ்மான் விபரித்த நோய். இதிற் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் அவை ஒன்றோடொன்று ஒட்டா. எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு "இரத்தப் பரிசோதனை நல்லாய்த்தான் இருக்கு" என்று திருப்தியடைந்தால் இந்த நோய் தப்பிவிடும். அந்தப் பிள்ளைகளில் முதலிற் கசிவது பெரும்பாலும் மூக்கும் முரசும்தான்.

சரி, ஏன் வாய்? கையில் வெட்டுப்பட்டால் துணியால் இறுக்கிக் கட்டலாம். வாய்க்குள் அப்படிக் கட்ட முடியாது. நாக்கு அசைந்துகொண்டே இருக்கும், பற்கள் உரசும், சாப்பாடு போய்வரும், உமிழ்நீர் ஓயாமற் சுரந்து கழுவும். இவற்றைவிட முக்கியமான காரணமும் ஒன்றுண்டு. குருதிக்கட்டியைக் கரைக்கும் தொகுதி எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. அது வாயில் மிகுந்த வேகத்தோடு இயங்கும். நலமான ஒருவருக்கு இதனாற் கேடில்லை. கட்டி கரைவதற்குள் புண் ஆறத் தொடங்கிவிடும். ஹீமோபீலியாப் பிள்ளைக்கோ கட்டி தொடக்கத்திலேயே மெலிதானது, அதையும் வாய் கரைத்துவிடுகிறது. காலையிற் பல் பிடுங்கியபோது நின்ற குருதி இரவிலே திரும்பத் தொடங்குவதும், மூன்றாம் நாள் மீண்டும் வருவதும் இதனால்தான். பிள்ளை தூக்கத்தில் விழுங்கிவிடுவதால் எவ்வளவு போனதென்றும் தெரியாது. காலையிற் கறுப்பாக வாந்தியெடுக்கும்போதுதான் வீட்டார் திடுக்கிடுவார்கள்.

தத்தித் தத்தி நடக்கும் குழந்தை விழுந்து மேலுதட்டின் உட்புறத்துச் சிறு மடிப்பைக் கிழித்துக்கொள்வது எல்லா வீட்டிலும் நடப்பது. பல குழந்தைகளுக்கு ஹீமோபீலியா இருப்பது அந்தச் சிறு கிழிசல் இரண்டு நாளாகியும் நிற்காதபோதுதான் வெளிப்படுகிறது.

இனி அந்த வாய்க்குள் குடியிருப்பவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். 1683இல் ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரத் துணி வியாபாரியான லீவன்ஹூக், தன் பற்களுக்கிடையில் இருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டித் தானே செய்த வில்லையினூடாகப் பார்த்தார். உயிருள்ள நுண்ணிய பிராணிகள் துள்ளித் திரிவதைக் கண்டு இலண்டன் றோயல் சங்கத்திற்குக் கடிதம் எழுதினார். இன்று மனித வாயில் 700 வரையான பற்றீரியா இனங்கள் இனங்காணப்பட்டுள்ளன. ஒருவர் வாயில் இவை எல்லாம் இருப்பதில்லை. இருப்பவற்றுட் பெரும்பாலானவை தீமை செய்பவையுமல்ல. தீயவற்றுக்கு இடங்கொடாமற் காப்பவையும் உண்டு. ஆகவே "கிருமியை எல்லாம் கொல்லுகிற" மருந்து எதுவும் எங்களுக்குத் தேவையில்லை. அவற்றின் சமநிலை குலையாமற் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

அந்தச் சமநிலையைக் குலைப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று சீனி. ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூற்றன்ஸ் என்ற பற்றீரியா 1924இல் இங்கிலாந்தில் விபரிக்கப்பட்டது. சீனியை உண்டு அமிலத்தை உமிழ்வது அதன் தொழில். சீனியைக் கொண்டே பசையொன்றைச் செய்து பல்லில் ஒட்டிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். அமிலம் பல்லின் மிளிரியைக் கரைக்கிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தை நடுநிலையாக்கிக் கல்சியத்தைத் திருப்பிக் கொடுக்க அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லும். ஆகவே எவ்வளவு சீனி என்பதைவிட, நாளுக்கு எத்தனை தரம் என்பதே பெரிய கேள்வி. பள்ளி முடிந்ததும் ஒரு ரொபி, ரியூசனுக்குப் போகும்போது ஒரு பிஸ்கற், வந்ததும் சீனி போட்ட பால்தேத்தண்ணி, படுக்கும்போது சூப்பிப் போத்தலில் பால் என்றால், அந்த வாய்க்கு ஆறுதலடைய நேரமே கிடைப்பதில்லை. பனங்கட்டியும் கற்கண்டும் நல்லவைதானே என்று கேட்பீர்கள். ஊரின் சுவை அவற்றில் உண்டுதான், ஆனாற் பற்றீரியாவுக்கு அவையும் சீனியே.

இரண்டாவது, அகற்றப்படாத படிவு. 1965இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல்வைத்தியரும் அவருடைய சகாக்களும் டென்மார்க்கில் எளிமையான பரிசோதனையொன்றைச் செய்தார்கள். முரசு நலமாக இருந்த 12 பேரைப் பல்துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்திற்குள் எல்லோருக்கும் முரசு சிவந்து அழற்சி ஏற்பட்டது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது மாறிவிட்டது. முரசழற்சிக்குக் காரணம் படிவிலுள்ள பற்றீரியா என்பது இவ்விதமாக நிரூபணமானது.

இதே லோவின் பெயர் எங்கள் நாட்டோடும் தொடர்புடையது. 1970இல் தொடங்கி 15 ஆண்டுகள், இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 தொழிலாளரின் வாய்களை அவருடைய குழு திரும்பத் திரும்பப் பரிசோதித்தது. பல்துலக்கும் வழக்கமோ பற்சிகிச்சையோ இல்லாத மக்கள் அவர்கள். எல்லோருக்கும் படிவு இருந்தது, எல்லோருக்கும் முரசழற்சி இருந்தது. ஆனால் 8 வீதத்தினருக்குப் பல்லைத் தாங்கும் இழையங்கள் மிக விரைவாக அழிந்தன. 81 வீதத்தினருக்கு மெதுவாக. 11 வீதத்தினருக்கு முரசழற்சிக்கு அப்பால் நோய் போகவேயில்லை. உலகெங்கும் பல்வைத்திய மாணவர்கள் படிக்கும் பாடம் இது. மலையகத் தொழிலாளர்கள் தம் வாயைத் திறந்து காட்டி உலகத்திற்குத் தந்த பாடம் என்றே நான் நினைப்பதுண்டு. நோயைத் தொடங்கி வைப்பது நுண்ணங்கி. அது எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த உடம்பும் தீர்மானிக்கிறது என்பதே அதன் சாரம்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முரசழற்சி வந்தால் நலமான பிள்ளைக்கும் துலக்கும்போது குருதி கசியும். குருதி உறையாத பிள்ளைக்கு அது கூடுதலாக, நீண்ட நேரம் கசியும். பயந்துபோன தாய் "அந்தப் பக்கம் தேய்க்காதை" என்பார். தேய்க்காத இடத்திற் படிவு கூடும். படிவு கூட அழற்சி கூடும். அழற்சி கூடக் கசிவு கூடும். இங்கே நுண்ணங்கிகள் இன்னுமொரு வேலை செய்கின்றன. முரசு நோயோடு தொடர்புடைய சில பற்றீரியாக்களுக்கு இரும்புச்சத்து தேவை. குருதியின் செந்நிறப் பொருளிலிருந்து அதை அவை எடுத்துக்கொள்கின்றன. போர்பிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற பற்றீரியாவை ஆய்வுகூடத்திற் குருதி கலந்த ஊடகத்தில் வளர்த்தால், குருதியை உண்டு கறுப்பு நிறக் குடியிருப்புக்களாக வளரும். அதாவது கசியும் முரசு அந்தக் கூட்டத்திற்குச் சோறு போடுகிறது. பயத்தினால் துலக்காமல் விடுவதுதான் இந்தப் பிள்ளைக்கு மிகப் பெரிய ஆபத்து.

ஹீமோபீலியாப் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிடச் சூத்தைப்பல் அதிகமா என்று பல நாடுகளிற் பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் அதிகம் என்று கண்டார்கள். தடுப்புச் சிகிச்சை ஒழுங்காகக் கிடைத்த இடங்களில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக, சில வேளை குறைவாகவும் இருந்தது. இதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். குருதி உறையாமை என்பது பற்சூத்தைக்கான விதியல்ல. பராமரிப்பே தீர்மானிக்கிறது.

இனிப் பெண்பிள்ளைகளைப் பற்றி. ஒரு பெண்கள் பாடசாலையின் மேடையில் இதைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது.

"ஹீமோபீலியா ஆண்பிள்ளைகளின் நோய்" என்று எங்கள் உயிரியல் பாடத்திற் படித்தோம். பரம்பரைப் படத்தில் ஆண்சதுரத்திற்கு மட்டும் கறுப்புத் தீட்டினோம். பெண்வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி மட்டும் வைத்து "காவி" என்று எழுதினோம். ஆனால் காவிகள் எனப்படும் பெண்கள் பலரிலும் காரணியின் அளவு குறைந்திருக்கும். அவர்களுக்கும் குருதி போகும். மேலும் பரம்பரைக் குருதிக்கசிவு நோய்களுள் மிகப் பரவலானது ஹீமோபீலியா அல்ல. வொன் வில்பிராண்ட் நோய். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வரும். அறிகுறிகளோடு இருப்பவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில் உள்ளனர். இந்தப் பாடசாலையின் படிகளில் இத்தனை ஆண்டுகளில் ஏறி இறங்கிய பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

நமது சங்கம் நூற்றாண்டு காண்கிற வேளையில் அந்த நோயின் வரலாற்றுக்கும் நூறு வயது. 1926இல் பின்லாந்து வைத்தியர் எரிக் வொன் வில்பிராண்ட், ஓலாண்ட் தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அவரிடம் முதலிற் கொண்டுவரப்பட்டவள் ஐந்து வயதுச் சிறுமி. மூன்று வயதில் விழுந்து மேலுதட்டிற் காயப்பட்டு, உயிருக்கே ஆபத்தாகுமளவு குருதி இழந்தவள் அவள். குடும்பத்தில் 66 பேரை ஆராய்ந்ததில் 23 பேருக்குக் குருதிக்கசிவு இருந்தது. அந்தச் சிறுமியோ பெரியபிள்ளையாகிய பின்னர், தனது நான்காவது மாதவிடாயின்போது குருதி நிற்காமல் இறந்துபோனாள்.

நாங்கள் சாமத்திய வீட்டை மண்டபம் எடுத்துச் செய்கிறோம். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு எத்தனை நாள் போகிறது, நாளுக்கு எத்தனை துவாய் மாற்றுகிறாள், இரவில் எழும்பி மாற்ற வேண்டியிருக்கிறதா என்று எத்தனை வீடுகளிற் கேட்கிறோம்? "எனக்கும் அப்பிடித்தான், அம்மாவுக்கும் அப்பிடித்தான்" என்பது ஆறுதல் வார்த்தையாக இருக்கிறது. வைத்தியருக்கு அது ஒரு தடயம். ஏழு நாளுக்கு மேல் போவதும், ஒன்றிரண்டு மணித்தியாலத்திற்கொரு துவாய் நனைவதும், பெரிய கட்டிகள் விழுவதும் "உடம்பு வாகு" அல்ல.

கிளினிக்கில் நாங்கள் காணும் பிள்ளைகளின் கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பதின்மூன்று, பதினான்கு வயது. வெளிறிய முகம். ஆண்டுக்கணக்காக இரும்புச்சத்துக் குளிசை. மூக்கால் அடிக்கடி குருதி வந்ததைச் "சூடு" என்று சொல்லிவிட்டார்கள். துலக்கும்போது முரசில் வருவதைப் "பிறஷ் கடினம்" என்று சொல்லிவிட்டார்கள். மாதவிடாயைப் பற்றி எவரும் கேட்கவில்லை. ஒரு நாள் சூத்தைப்பல் பிடுங்கியபின் இரண்டு நாள் குருதி நிற்காமல் வருகிறது. அப்போதுதான் நான்கும் ஒரே கயிற்றில் கோர்க்கப்படுகின்றன. வாயில் வரும் குருதியை எவராவது முன்னரே கேட்டிருந்தால், அந்தப் பிள்ளை வகுப்பில் தலைசுற்றி இருந்த ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

இந்த நோய்களின் மருந்து வரலாற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஓலாண்ட் தீவு நோயாளருக்கு எட்டாம் காரணியும் குறைவு என்பதையும், பிளாஸ்மாவிலிருந்து பிரித்த பகுதியொன்றை ஏற்றினால் அவர்களின் கசிவு நிற்கும் என்பதையும் 1950களிற் காட்டியவர் சுவீடனைச் சேர்ந்த வைத்தியர் இங்கா மரீ நில்சன். உறையவைத்த பிளாஸ்மாவை மெதுவாக உருகவிட்டால் அடியிற் படியும் படிவில் எட்டாம் காரணி செறிந்திருக்கிறது என்று 1964இல் அறிவித்தவர் அமெரிக்கர் ஜூடித் கிரகம் பூல். "கிறையோ" என்று வார்டிலே நாங்கள் சொல்வது அதைத்தான். குருதிவங்கியில் நீங்கள் கொடுக்கும் குருதியிலிருந்து அது செய்யப்படுகிறது.

மூன்றாமவர் யப்பானைச் சேர்ந்த உட்டாக்கோ ஒக்கமோட்டோ. போருக்குப் பின்னர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடமில்லாததால் மகளை முதுகிற் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். குருதிக்கட்டி கரைவதைத் தடுக்கும் திரனெக்சாமிக் அமிலத்தை அவரும் கணவரும் 1962இல் அறிமுகப்படுத்தினர். வாய் கட்டியைக் கரைத்துவிடுகிறது என்று சற்று முன்னர் சொன்னேன் அல்லவா? அதற்கு நேரான மறுமருந்து இதுதான். குளிசையாகக் கொடுக்கலாம், நீரிற் கரைத்து வாய் கொப்பளிக்கவும் கொடுக்கலாம். விலை அதிகமில்லாத மருந்து. பல் பிடுங்கும் பிள்ளைக்கும், மாதவிடாய் கூடுதலாகப் போகும் பெண்ணுக்கும், பிரசவத்தின் பின் குருதி போகும் தாய்க்கும் இன்று அதே மருந்து உதவுகிறது. அம்மையார் 2016இல் தமது 98ஆவது வயதிற் காலமானார்.

இனி வீட்டிற் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ள விரும்புபவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதற் பல் முளைத்த நாளிலிருந்து துலக்குங்கள். மென்மையான பிறஷ், புளோரைட்டு சேர்ந்த பற்பசை. மூன்று வயதுக்குள் அரிசிமணி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பயற்றங்காய் விதையளவு போதும். நாளுக்கு இருமுறை, அதில் ஒன்று கட்டாயம் படுக்கைக்குப் போகுமுன். துலக்கிய பின் துப்பினாற் போதும். தண்ணீரால் அலசி அலசிக் கொப்பளித்தாற் புளோரைட்டு போய்விடும். ஏழெட்டு வயது வரை பெரியவர் கை வேண்டும். தன் சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறும் பிள்ளைக்குக் கடைவாய்ப் பல்லைத் துலக்கத் தெரியாது. உமிக்கரியும் செங்கல்தூளும் வேண்டாம். அவை முரசை உராய்ந்து புண்ணாக்கும்.

துலக்கும்போது குருதி வந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். இன்னும் மென்மையாக, ஆனால் முரசின் ஓரம் வரை துலக்குங்கள். அழற்சியால் வந்த கசிவென்றால் ஒன்றிரண்டு வாரத்திற் குறைந்துவிடும். குறையாவிட்டால், அல்லது மூக்கிலும் வந்தால், தட்டாமலே உடம்பில் நீலம் பாய்ந்தால், வைத்தியரிடம் போங்கள். ஒரு எச்சரிக்கை: காய்ச்சலோடு திடீரென்று முரசில் குருதி வந்தால் அது டெங்குவின் அபாய அறிகுறியாக இருக்கலாம். ஒன்றிரண்டு வாரம் பார்த்திருக்கும் கதை அங்கே இல்லை. அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

தாயின் வாயும் முக்கியம். குழந்தைக்குச் சூத்தைப் பற்றீரியா பெரும்பாலும் வளர்ப்பவரின் உமிழ்நீரிலிருந்தே வருகிறது. கரண்டியை வாயில் வைத்துச் சூடு பார்த்து ஊட்டுவதும், சூப்பி விழுந்தால் தன் வாயிலிட்டுத் துடைத்துக் கொடுப்பதும் எங்கள் அன்பின் பழக்கங்கள். அன்பை விடவேண்டாம், பழக்கத்தை விடுங்கள். கர்ப்ப காலத்திலேயே உங்கள் சூத்தைப்பற்களுக்கு மருந்து கட்டுவியுங்கள்.

பாற்பல் ஆடினால் பிள்ளை அதை ஆட்டி ஆட்டி இழுக்க விடாதீர்கள். தானாக விழும்போது பெரும்பாலும் பெரிதாகக் குருதி வருவதில்லை. வந்தால், சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து 15 முதல் 20 நிமிடம் அழுத்திக் கடிக்கச் செய்யுங்கள். நின்றதா என்று நிமிடத்திற்கொருதரம் எடுத்துப் பார்க்கக்கூடாது. அன்றைய நாள் கொப்பளிக்க வேண்டாம், சூடான பானம் வேண்டாம், ஸ்ரோவால் உறிஞ்ச வேண்டாம். கஞ்சியை ஆறவிட்டுக் கொடுக்கலாம். நிற்காவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பல்வலிக்கு அஸ்பிரினோ இபுபுரூபனோ கொடுக்கக்கூடாது. அவை சிறுதட்டுக்களை வேலைசெய்ய விடா. பரசிற்றமோல் கொடுக்கலாம். பார்மசியில் கேட்டு வாங்கும்போது "பிள்ளைக்குக் குருதி உறையாத நோய் இருக்கு" என்று சொல்லி வாங்குங்கள்.

பல்வைத்தியரிடம் போவதற்குப் பல்வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதற் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்திற்கொருமுறை. சோதிப்பதாலோ, துப்புரவு செய்வதாலோ, சிறு சூத்தையை அடைப்பதாலோ பெரிய ஆபத்து இல்லை. ஆனால் பல் பிடுங்குவதும், கீழ்த்தாடையின் பின்புறத்தில் ஆழமாகப் போடும் விறைப்பு ஊசியும் வேறு. அந்த ஊசியால் உள்ளே குருதி கசிந்து தொண்டைப் பக்கம் பரவினால் மூச்சுக்குழாயை நெருக்கிவிடும். ஆகவே பல்வைத்தியரும் குருதியியல் வைத்தியரும் முன்கூட்டியே கதைத்து, தேவையான காரணியை ஏற்றிய பின்னர்தான் அவற்றைச் செய்யவேண்டும். நோயின் பெயர், கடுமை, கிளினிக்கின் தொலைபேசி இலக்கம் எழுதிய அட்டை எப்போதும் பிள்ளையிடம் இருக்கட்டும்.

எங்கள் நாட்டிற்கு இதில் ஒரு பலம் உண்டு. 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவிற் பயிற்சி தொடங்கப்பட்ட பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை இன்றும் இலவசமாக இயங்குகிறது. நாங்கள் "பல்லு மிஸி வாறா" என்று கேட்டதும் வகுப்பின் கடைசி வாங்குக்கு ஓடி ஒளித்தோமே, அந்தச் சேவைதான். ஒளித்துத் திரிய வேண்டிய ஆளல்ல அவர். இந்தப் பிள்ளைகளுக்கு அவர் முதற் காவல்.

நிறைவாக, சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, பாடசாலை அனுமதிப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்கு அதிபரோடு பேசுங்கள்: "காயப்பட்டாலோ பல் விழுந்தாலோ பிள்ளைக்கு நீண்ட நேரம் குருதி வருவதுண்டா?" ஒரு வரிதான். விளையாட்டு ஆசிரியைக்கும் வகுப்பாசிரியைக்கும் அது தெரிந்திருந்தால் ஓர் உயிர் காப்பாற்றப்படலாம்.

இரண்டு, ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நாங்கள் கொடுக்கும் இனிப்புப் பொதிக்குப் பதிலாகப் பிறஷும் பற்பசையும் கொடுப்போம். மதிய உணவின்பின் ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து துலக்கினால், வீட்டில் எவரும் துலக்கிவிடாத பிள்ளையும் அதிலே துலக்கிவிடும்.

மூன்று, வெளிநாடுகளில் இருக்கும் கிளைகள் பணம் அனுப்புவது பெரிய உதவி. அதோடு, நீங்கள் வாழும் ஊரிலே ஆண்டுக்கொரு தடவை குருதிதானம் செய்யுங்கள். இங்கிருப்பவர்கள் நூற்றாண்டு நினைவாகப் பாடசாலையிலேயே குருதிதான முகாம் ஒன்றை நடத்தலாம். கிறையோவாகவும் பிளாஸ்மாவாகவும் அது எங்கோ ஒரு பிள்ளையின் பல் பிடுங்கப்படும் நாளில் போய்ச் சேரும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவுச் சிறுமிக்குச் செய்ய வைத்தியரிடம் ஒன்றுமே இருக்கவில்லை. இன்று மருந்து இருக்கிறது, கிளினிக் இருக்கிறது, பல்லு மிஸியும் இருக்கிறார். கேட்க ஓர் ஆள்தான் வேண்டும். இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளை பல்துலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். துப்புவதைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால், ஏசாமல், "எவ்வளவு நாளாய் இப்படி?" என்று கேளுங்கள்.